குணச்சித்திர நடிகரா, குணவேட நடிகரா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

நாம் தொகுக்கும் நாடகச் சொற்பட்டியலில் 'கேரக்டர் ஆக்டர்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் 'துணை நடிகர்' போதும் என்று நேற்று ஒரு மடல் வந்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை. கோடம்பாக்கத்தில் துணை நடிகர் என்றால் கூட்டத்தோடு நிற்பவர், கல்யாணக் காட்சியில் பந்தியில் உட்கார்ந்திருப்பவர். கதையையே தாங்குகிற அப்பாவையும் வட்டிக்காரரையும் அந்தப் பெயருக்குள் அடக்க முடியாது.

'குணச்சித்திர நடிகர்' நன்றாகப் பழகிய சொல், தவறும் இல்லை. ஆனால் சினிமாப் பத்திரிகைகளில் புழங்கிப் புழங்கி, கண்கலங்க வைக்கிற அப்பா, அண்ணன் என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டது. நம் நாடகச் சொற்பட்டியலுக்கு இன்னும் அகலமான சொல் வேண்டும்.

வி.கே.ராமசாமியை எடுத்துக்கொள்ளுங்கள். 1926இல் பிறந்த விருதுநகர்ப் பக்கத்துக்காரர், நாடகக் கம்பெனிகளில் வளர்ந்தவர். 1947இல் 'நாம் இருவர்' படத்தில் கிழவராக வந்தபோது அவருக்கு 21 வயது. அந்தப் படமே ப.நீலகண்டனின் மேடை நாடகத்திலிருந்து வந்ததுதான். அந்த வயதில் முதுமையின் நடையும் இழுவைப் பேச்சும் கைவந்தது மேடைப் பழக்கத்தால். நாடகக் கலைஞர் டி.கே.சண்முகமோ 30 வயதில் 'அவ்வையார்' நாடகத்தில் அவ்வையாராக நின்றார். அங்கே நாடகத்தின் தலைமைப் பாத்திரமே கிழவி! யாருக்குத் துணை அவர்?

நம் மேடைக்காரர்கள் ராஜபார்ட் (நாயகன்), ஸ்திரீபார்ட் (பெண் வேடம்), கள்ளபார்ட் (திருடன்), பபூன் (கோமாளி) என்று போடுகிற வேடத்தை வைத்தே ஆளைச் சொன்னார்கள். மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் ஸ்பெஷல் நாடக (நடிகர்களைத் தனித்தனியே அழைத்துச் சேர்த்துப் போடும் நாடகம்) நோட்டீஸில் இன்றும் படத்துக்குக் கீழே அப்படித்தான் அச்சடிக்கிறார்கள்.

சின்ன வயதில் எங்கள் ஊர்த் திருவிழாவில் 'வள்ளி திருமணம்' முடிந்த விடியற்காலையில் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றேன். தகரப்பெட்டி மேல் கண்ணாடியைச் சாய்த்து வைத்து, ஒருவர் தேங்காய் எண்ணெய் தொட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு கன்னத்தில் இன்னும் விருத்தனின், அதாவது கிழவனின், வெள்ளை மீசை ஒட்டியிருந்தது, மறு பக்கம் முப்பது வயது முகம். "ராத்திரி மூணு வேஷம் கட்டினேன் தம்பி" என்றார். வேலன், வேடன், விருத்தன். அவர் வாயில் வந்த சொல் வேஷம். பாத்திரம் என்று அவர் சொல்லவில்லை.

அதனால் என் பரிந்துரை: வேடத்துக்குக் 'குணவேடம்', ஆளுக்குக் 'குணவேட நடிகர்'. எல்லா நடிகரும் வேடம் போடுபவர்தானே என்று கேட்கலாம். சரிதான், அதற்காகத்தான் முன்னால் 'குணம்'. தன் முகத்தையும் பெயரையும் பின்னால் தள்ளிவிட்டு வேறொருவரின் குணத்தைக் கட்டிக்கொண்டு வருபவர் இவர். 'குணச்சித்திர வேடம்' என்பதன் சுருக்கமாகவும் படிக்கலாம் என்பதால் புதிதாகப் பார்ப்பவருக்கும் தடுக்காது. 'வேடதாரி' மட்டும் வேண்டாம். அதில் ஏமாற்றுக்காரர் என்ற பொருள் ஒட்டிக்கொண்டுவிட்டது, இந்தக் கலைஞர்களுக்கு அது அவமரியாதை.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. வி.கே.ஆரைப் போல இளவயதிலேயே கிழவர் வேடங்களுக்கு உரியவர் என்று ஆகிவிடுவது, அதாவது 'டைப்காஸ்ட்'. 'முத்திரை குத்துதல்' பேச்சில் இருக்கிறது. 'வேடமுத்திரை' என்று போடலாமா? பரதத்தில் முத்திரை கைக்குறியைச் சொல்வதால் தயங்குகிறேன். நாட்டியம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.