தோள்ல இம்பிஞ்ச்மென்ட்னு சொல்லிட்டாங்க, ஆபரேஷன் வேணுமா பிசியோ போதுமா?

பெயிண்டர்மகன்:
வணக்கம். அப்பாவுக்கு 54 வயசு, பெயிண்டிங் வேலை. கொஞ்ச மாசமா வலது தோள்ல வலி, கைய பக்கவாட்டுல பாதி தூக்குறப்ப சுருக்குனு பிடிக்குது, அதத் தாண்டிட்டா குறையுது, ராத்திரி அந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுக்க முடியல. ஸ்கேன் பாத்த டாக்டர் இது இம்பிஞ்ச்மென்ட், அதாவது தசைநார் எலும்புல உரசுது, துளை போட்டு எலும்பைக் கொஞ்சம் செதுக்கிட்டா சரியாயிடும்ங்கிறார். இன்னொரு இடத்துல தினமும் வந்து கரண்டும் அல்ட்ராசவுண்டும் வச்சுக்கோங்கன்றாங்க. ஒரு நாள் போகலன்னா அன்னிக்குக் கூலி இல்ல. ஆராய்ச்சி எல்லாம் என்ன சொல்லுதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

கரூர்செல்வி:
சகோ, ஆபரேஷனுக்கு அவசரப்படாதீங்க. இங்கிலாந்துல 313 பேர வச்சு ஒரு ட்ரயல் பண்ணி 2018ல லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல போட்டாங்க. கொஞ்ச பேருக்கு நெசமாவே எலும்பைச் செதுக்குனாங்க, கொஞ்ச பேருக்கு கேமராவ மட்டும் உள்ள விட்டுப் பாத்துட்டு எதையும் செதுக்காம முடிச்சுட்டாங்க, மிச்ச பேருக்கு எதுவுமே பண்ணல. ஆறு மாசம் கழிச்சு செதுக்குனவங்களுக்கும் கேமரா மட்டும் விட்டவங்களுக்கும் வித்தியாசமே இல்ல, எதுவும் பண்ணாதவங்கள விட லேசா பரவாயில்ல அவ்ளோதான். பின்லாந்து ட்ரயல்லயும் ரெண்டு வருசம் பாத்து இதே மாதிரிதான் வந்துச்சு. 2019ல பிஎம்ஜேங்கிற மருத்துவ இதழோட குழு இந்த ஆபரேஷன் வேண்டாம்னு அழுத்தமாவே சொல்லிடுச்சு.

பிசியோரவி:
நான் பிசியோ. அல்ட்ராசவுண்டுக்கு தினமும் பஸ் ஏறி வர வேண்டியதில்ல, இந்த வலிக்கு அதனால பெருசா பலன் இருக்குன்னு ஆதாரம் கிடையாது. எக்சர்சைஸ்தான் முக்கியம். ஸ்வீடன்ல ஆபரேஷனுக்குக் காத்திருந்தவங்கள ரெண்டா பிரிச்சு, ஒரு குரூப்புக்கு தோள் மூட்டைச் சுத்தி இருக்கிற சுழல்தசைக்கும் தோள்பட்டை எலும்பைப் பிடிச்சு வைக்கிற தசைக்கும் படிப்படியா வலுவேத்துற பயிற்சி குடுத்தாங்க, இன்னொண்ணுக்கு சும்மா கழுத்து தோள் அசைக்கிற பயிற்சி. மூணு மாசத்துல முதல் குரூப்ல 20 சதவீதம் பேர்தான் ஆபரேஷன் கேட்டாங்க, இன்னொண்ணுல 63. 2012 பிஎம்ஜேல வந்தது. ரெண்டு குரூப்புக்கும் முதல்ல ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தாங்க, அதையும் சொல்லணும்ல.

பெயிண்டர்மகன்:
ரொம்ப நன்றிங்க. அப்போ எத்தன தடவ கிளினிக் கூட்டிட்டு வரணும்?

பிசியோரவி:
கம்மியா வந்தாலே போதும். கிராஸ்ப்னு 708 பேர் ட்ரயல் 2021ல வந்துச்சு, ஒரே ஒரு தடவ நல்லா உக்காத்தி வச்சு சொல்லிக்குடுத்து வீட்டுல செய்ய விட்டவங்களும், ஆறு தடவ வரைக்கும் பிசியோகிட்ட வந்தவங்களும் ஒரு வருசத்துல ஒரே அளவுக்குத்தான் தேறியிருந்தாங்க. அதுல ஸ்டீராய்டு ஊசியும் போட்டவங்களுக்கு ரெண்டு மாசம் வரைக்கும் லேசா நல்லாருந்துச்சு, அப்புறம் அதுவும் இல்ல. அதனால ஒரு தடவ நேர்ல கத்துக்கிட்டு வீட்டுல விடாம செய்யச் சொல்லுங்க. ஜன்னல் கம்பில ரப்பர் பேண்ட் கட்டி, முழங்கைய மடக்கி இடுப்போட ஒட்டி வச்சுக்கிட்டு, நடுவுல சுருட்டுன துண்டு ஒண்ணு, முன்கைய வெளிப்பக்கமா மெதுவா இழுத்து அதவிட மெதுவா திரும்ப விடணும். துண்டு விழுந்துச்சுன்னா முழங்கை விலகுதுன்னு அர்த்தம். லேசான வலி பரவாயில்ல, ஆனா அடுத்த வேளை செய்றதுக்குள்ள அடங்கிடணும், அடங்கலன்னா லைட் பேண்டுக்கு மாத்துங்க. சீலிங் வேலைய கொஞ்ச நாளைக்கு வேற ஆள்கிட்ட விட்டுட்டு சுவத்துக் கீழ்ப்பாதிய அவர் அடிக்கட்டும்.

நாகைமீரா:
இத எல்லாம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு பாருங்க. ஏணில இருந்து விழுந்தாரா, விழுந்ததுல இருந்து கை தூக்கவே வரலியா? அப்படின்னா தசைநார் கிழிஞ்சிருக்கலாம், தாமதிக்காம எலும்பு டாக்டர்கிட்ட காட்டணும். நீங்க புடிச்சுத் தூக்குனாலும் கை மேல போகல, வெளிப்பக்கம் திரும்பலன்னா அது ஃப்ரோசன் ஷோல்டரா, அதாவது தோள் மூட்டு இறுகிப் போனதா இருக்கலாம், அதுக்கு வைத்தியம் வேற. சுகர் உள்ளவங்களுக்கு அது அதிகம் வரும், சுகரும் ஒரு தடவ செக் பண்ணிடுங்க.