பின் இடது டயரில் பத்து நாளைக்கு 4 பி.எஸ்.ஐ (காத்தழுத்த அளவு) இறங்குது, பஞ்சர் கடையில் ஒண்ணும் கிடைக்கல

உப்பளத்தான்:
அஞ்சு வருஷம் ஓடின ஹேட்ச்பேக். 185/65 ஆர் 15 டியூப்லெஸ், வண்டியோட வந்த அலாய் வீல். பின் இடது சக்கரத்துல மட்டும் காத்து நிக்கல. காலையில வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி 33 வச்சா, பத்தாம் நாள் அதே நேரத்துல 29. மத்த மூணும் 32.5-க்குக் கீழ போகல. ரெண்டு கடையில கழட்டித் தொட்டியில முக்கிப் பாத்தாச்சு. ஆணி இல்ல, குமிழி இல்ல. நைட்ரஜன் போடச் சொல்றாங்க. வண்டி நிக்கறது தூத்துக்குடியில, கடலுக்குப் பக்கத்துல. எங்கேருந்து ஆரம்பிக்கலாம்?

குண்டூசி:
மத்த மூணு டயரையும் சேத்து அளந்ததால வெயில்-குளிர் சந்தேகம் போச்சு. அஞ்சாறு டிகிரி வெப்பம் மாறினாலே 1 பி.எஸ்.ஐ ஏறும் இறங்கும், ஆனா அது நாலு டயரிலும் சமமா நடக்கும். நல்ல டயரும் ரப்பர் வழியா மாசம் 1 முதல் 2 பி.எஸ்.ஐ வரை விடும். உங்க மூணும் அந்தக் கணக்குல வருது, நாலாவது வரல. அப்ப கசிவு நிஜம்தான்.

தொட்டியில ஏன் தெரியலைன்னு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. இந்த அளவு டயருக்குள்ள சுமார் 28 லிட்டர் இடம். ஒரு நாளைக்கு 0.4 பி.எஸ்.ஐ இறங்குதுன்னா வெளிய போறது ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் காத்து, நிமிஷத்துக்கு அரை மில்லிதான். 4 மி.மீ. குமிழியா எடுத்தா நிமிஷத்துக்குப் பதினாறு. ஒரே ஓட்டைன்னா நாலு செகண்டுக்கு ஒண்ணு. அதே காத்து அஞ்சு இடத்துல பிரிஞ்சு கசிஞ்சா ஒவ்வொரு இடத்துலயும் இருபது செகண்டுக்கு ஒண்ணு. கடையில சக்கரத்தைத் தொட்டியில ஒரு சுத்து உருட்டி எடுக்கறாங்க, ஒரு பகுதி தண்ணிக்குள்ள இருக்கறதே பத்து செகண்ட். எப்படிக் கண்ணுல படும்? முக்கினவுடன் டயர் பள்ளத்துல ஒட்டியிருக்கற காத்தும் குமிழியா வரும், அதுல உண்மையான குமிழி மறைஞ்சிடும்.

நைட்ரஜனை விடுங்க. சாதாரணக் காத்துலயே 78 சதவீதம் அதுதான். ஓட்டை இருந்தா அதுவும் போகும்.

நாலாம்நட்டு:
வீட்டுலயே சோப்புத் தண்ணி வச்சுப் பாத்துடலாம். பாத்திரம் கழுவற திரவம் ஒரு பங்கு, தண்ணி பத்துப் பங்கு. நுரை வராம மெதுவாக் கலக்கி ஸ்ப்ரே பாட்டில்ல ஊத்துங்க. சக்கரத்தைக் கழட்டி (ஜாக்கி ஏத்தறதுக்கு முன்னாடியே நட்டுகளை இளக்கிடுங்க) நிழல்ல படுக்க வச்சு, காத்தை 40 வரை ஏத்திக்குங்க. அழுத்தம் கூடினா கசிவு சீக்கிரம் தெரியும்.

முதல்ல வால்வு. மூடியக் கழட்டி வாயில ஒரு சொட்டு. ஒரு நிமிஷத்துல சொட்டு உப்பிக்கிட்டு வந்தா உள்ளே இருக்கற பின் கசியுது. வால்வு சாவியில லேசா இறுக்குங்க, போதும். முறுக்கித் தள்ளினா அதோட குட்டி சீல் நசுங்கிடும். அடுத்து வால்வோட அடிப்பகுதியில தெளிச்சு, தண்டை நாலு பக்கமும் கட்டை விரலால சாய்ச்சுப் பாருங்க. சும்மா நிக்கும்போது மூடியிருக்கற ரப்பர் வெடிப்பு சாய்க்கும்போதுதான் வாயைத் திறக்கும்.

அப்புறம் ரிம்மும் டயரும் சேர்ற விளிம்பு முழுக்க ஊத்துங்க. அந்தக் குழியில சோப்புத் தண்ணி தேங்கி நிக்கணும். பத்து நிமிஷம் தொடாதீங்க. மெதுவான கசிவுல பெரிய குமிழி வராது, சோத்துப் பருக்கை அளவுல வெள்ளை நுரை கோடு கட்டி நிக்கும். திருப்பிப் போட்டு உள்பக்கமும் அதே மாதிரி. உள்பக்கத்தை யாரும் பாக்கறதில்ல, பாதி கேஸ் அங்கதான்.

சக்கரராஜா:
இவ்வளவு எதுக்கு ப்ரோ, வால்வு வழியா சீலன்ட் (ஓட்டையை அடைக்கற திரவம்) 300 மில்லி ஊத்துங்க. வேலை முடிஞ்சது.

குண்டூசி:
ரோட்டுல மாட்டிக்கிட்டா ஊத்தலாம், தப்பில்ல. ஆனா விளிம்புக் கசிவுக்கு அது சரிப்படாது. ஓடும்போது திரவம் டயர்ல ரோட்டைத் தொடற பாகத்துக்குப் போகும், ரிம் விளிம்புக்கு அரைகுறையாத்தான் எட்டும். நின்னா கீழ தேங்கும், பேலன்சிங் கெடும். பின்னால பஞ்சர் போட்டா பேட்ச் பிடிக்காது, உள்ளே முழுசாத் துடைக்கணும்.

உப்பளத்தான்:
பாத்துட்டேன். வால்வு வாய் சுத்தம், அடியும் சுத்தம். வெளிப்பக்க விளிம்பு ஒண்ணுமில்ல. உள்பக்கத்துல ஏழாவது நிமிஷம் நுரை வந்துச்சு. வால்வு 12 மணின்னு வச்சுக்கிட்டா 4-லிருந்து 6 மணி வரை, ஒரு சாண் நீளம். பக்கத்துல ரிம்மோட பெயின்ட் பொக்களம் விட்டிருக்கு. இது டயர் கோளாறா ரிம் கோளாறா?

நாலாம்நட்டு:
பொக்களம்னாலே அலுமினியம் அரிச்சிருக்கு. இரும்பு ரிம்மா இருந்தா துரு, அலாய்ல வெள்ளைப் பொடி. உப்புக் காத்து பெயின்ட்டுக்கு அடியில புகுந்து பூத்துடும், டயர் விளிம்பு உக்கார்ற இடத்துல கால் மில்லி மேடு போதும். உறுதி பண்ணணும்னா கடையில டயரை ரிம்முல பாதிச் சுத்து திருப்பி மாட்டச் சொல்லிப் பாருங்க. நுரை அதே 4-6 மணியில இருந்தா ரிம். டயரோட சேந்து எதிர்ப்பக்கம் போச்சுன்னா டயர் விளிம்பு கிழிஞ்சிருக்கு. ஆனா பொக்களம் கண்ணுல தெரியற உங்க விஷயத்துல இது தேவையில்ல, நேரா சுத்தம் பண்ணிடலாம்.

குண்டூசி:
கடையில பக்கத்துல நின்னு இதைச் செய்யச் சொல்லுங்க. டயரை முழுசாக் கழட்டணும், ஒரு பக்கம் மட்டும் தூக்கிட்டு உள்ளே பிரஷ் விடறது வேலையே இல்ல. கழட்டறதுக்கு முன்னாடி டயர்ல வால்வுக்கு நேரா சாக்பீஸ் கோடு.

விளிம்பு உக்கார்ற பட்டை முழுக்கக் கம்பி பிரஷ். பொக்களம் விட்ட பெயின்ட் மொத்தமா உதிரணும், ஓரம் ஒட்டிக்கிட்டிருந்தா ஆறு மாசத்துல அதுக்கு அடியிலேருந்து மறுபடி பூக்கும். பிறகு 120 நம்பர் எமரி, கடைசியா 240. விரலை வச்சு ஓட்டினா நகத்துல தட்டக்கூடாது. கிரைண்டர்ல டிஸ்க் போட்டுத் தேய்க்க விடாதீங்க. அலுமினியம் வெண்ணெய் மாதிரி கரையும், ஒரு இடம் குழிஞ்சா அந்தக் குழியே புது வழி. சுத்தம் பண்ணின உலோகத்துக்கு மெல்லிசா ஒரு கோட் பிரைமர், நல்லாக் காயணும். அதுக்கு மேல பீட் சீலர்னு டயர் விளிம்பை அடைக்கற கறுப்பு திரவம் மெல்லிசா ஒரு பூச்சு. தடிமனாப் பூசினா அடுத்த தடவை டயரை எடுக்கும்போது விளிம்பு ரப்பர் பிய்ஞ்சு வரும்.

டயர் விளிம்பையும் துணியால துடைச்சுத் தடவிப் பாருங்க. பழைய ரப்பர் துணுக்கோ, லீவர் குத்தின வெட்டோ இருக்கலாம். மாட்டும்போது டயர் பேஸ்ட் மட்டும். கிரீஸ், இன்ஜின் ஆயில் ரப்பரை ஊற வச்சுடும்.

டயர் கழண்டு இருக்கும்போதே வால்வை மாத்திடுங்க. அஞ்சு வருஷ ரப்பர், இன்னும் ஒரு வருஷம் தாங்கலாம், தாங்காமலும் போகலாம். உங்க ரிம்முக்கு டி.ஆர். 414-ங்கற வால்வு, துளை 11.3 மி.மீ. டயர் பிரஷர் சென்சார் இருக்கற வண்டின்னா இந்த ரப்பர் வால்வு ஆகாது, சென்சாரோட சீலும் நட்டும் தனி கிட்டா வரும்.

காத்தடிச்சு டயர் விளிம்பை ரிம்முல உக்கார வைக்கும்போது 40-ஐத் தாண்ட விடாதீங்க. ரெண்டு தடவை 'டப்' சத்தம் கேக்கணும். கேக்காட்டி காத்தை இறக்கி, பேஸ்ட் தடவி மறுபடி. இன்னும் ஏத்தினா உக்காந்துடும்னு 60, 70 போறவங்க உண்டு, விளிம்புக் கம்பி அறுந்தா டயர் வெடிக்கும். உக்காந்ததும் டயர்ல ரிம்மை ஒட்டி ஓடற மெல்லிய கோடு சுத்திலும் ஒரே இடைவெளியில இருக்கான்னு பாத்துட்டு 33-க்கு இறக்குங்க. கடைசியா பேலன்சிங்.

உப்பளத்தான்:
சுத்தம் பண்ணியும் சரியாகலைன்னா?

நாலாம்நட்டு:
அப்ப உள்பக்க விளிம்புல விரிசல் இருக்கான்னு பாக்கணும். அந்தப் பக்கத்துல ஸ்போக் தாங்கல் இல்ல, பள்ளத்துல இறங்கினா அடி அங்கதான். பிரஷ் போட்ட வெளிச்சமான உலோகத்துல மயிரிழையா கறுப்புக் கோடு தெரியும். விரிசல்னா ரிம்மை மாத்துங்க. வெல்டிங் பண்ணித் தர்றவங்க இருக்காங்க, ஆனா சூட்டுல பக்கத்து அலுமினியம் வலு இழந்துடும். ஸ்டெப்னிக்கு வேணா வச்சுக்கலாம்னு சொல்வாங்க, அதுவும் வேண்டாம்.

உப்பளத்தான்:
நேத்து முடிச்சாச்சு. பொடி ஒரு சாண் இல்ல, ரிம் சுத்துல பாதிக்கு மேல. விரிசல் இல்ல. வால்வு பழசை வளைச்சுப் பாத்தா அடியில வெடிப்பு ஆரம்பிச்சிருந்துச்சு. 33 வச்சிருக்கேன், பத்து நாள் கழிச்சு அளந்து போடறேன்.

குண்டூசி:
அளக்கும்போது அதே கேஜ், காலையில, ஓட்டறதுக்கு முன்னாடி. தினமும் வச்சு வச்சுப் பாக்காதீங்க, ஒவ்வொரு தடவையும் கேஜே கொஞ்சம் காத்தைத் திருடும். பாக்கி மூணு ரிம்முக்கும் அதே வயசு, அதே கடல் காத்து. அதுங்களோட உள்பக்கத்தையும் ஒரு ஞாயித்துக்கிழமை டார்ச் அடிச்சுப் பாத்துடுங்க.

உப்பளத்தான்:
பத்து நாள் ஆச்சு. 32.5. மத்த மூணும் அதேதான். முன் வலது ரிம்முல உள்பக்கம் ரெண்டு பொக்களம் இருக்கு, இன்னும் கசியல.