எண்வரிசை நினைவு: தமிழும் பிரெஞ்சும் அறிந்தவர்களிடம் ஓர் உதவி

அனைவருக்கும் வணக்கம். புதுச்சேரியில் உளவியல் முதுகலை பயிலும் நான், செயல்பாட்டு நினைவின் (தகவலைச் சிறிது நேரம் மனத்தில் வைத்துக் கையாளும் நினைவின்) கொள்ளளவு குறித்த ஆய்வேட்டுக்கு உங்கள் உதவியை நாடுகிறேன். மனம் ஒரே நேரத்தில் ஏறத்தாழ ஏழு உருப்படிகளைத் தாங்கும் என்று உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956இல் எழுதியதையே பலரும் இன்றும் மேற்கோள் காட்டுகின்றனர்; ஆனால் உள்ளுக்குள் திரும்பச் சொல்லிப் பார்ப்பதையும் தொகுத்துக்கொள்வதையும் தடுத்தால் ஏறத்தாழ நான்கே மிஞ்சும் என்று உளவியலாளர் நெல்சன் கோவன் 2001இல் வாதிட்டார். எனக்கு அதுவே ஏற்புடையதாகத் தோன்றுகிறது.

சொல்ல நேரம் பிடிக்கும் சொற்கள் குறைவாகவே நினைவில் நிற்கும் என்பதை உளவியலாளர் ஆலன் பேட்லியும் அவருடைய சகாக்களும் 1975இல் காட்டினர். பிரெஞ்சில் ஒன்று முதல் ஒன்பது வரை எல்லாமே ஓரசைச் சொற்கள் (யாப்பின் அசையன்று, ஒலியசை). தமிழில் 'ஆறு' கூட ஈரசை, 'ஒன்பது' மூவசை. அப்படியானால், இரு மொழியும் சரளமாகப் பேசும் ஒருவருக்குப் கேட்டவுடன் திருப்பிச் சொல்ல முடிகிற எண்வரிசை பிரெஞ்சில் நீளுமா, அல்லது தாய்மொழிப் பழக்கம் அந்த வேறுபாட்டை ஈடுகட்டிவிடுமா?

எண்களை 'இரண்டு, ஐந்து' என்று எழுத்து வழக்கில் ஒலிக்கச் செய்வதா, 'ரெண்டு, அஞ்சு' என்று பேச்சு வழக்கிலா என்பதிலும், இருமொழிச் சரளத்தை எவ்வாறு அளவிடுவது என்பதிலும் அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன். சிறு வயது முதல் இரு மொழியும் பேசிவரும், பதினெட்டு வயது நிறைந்தவர்கள் சோதனையில் பங்கேற்க விரும்பினால் தனிச்செய்தி அனுப்புங்கள்.