கல்யாண ஆல்பம் எடிட்டிங்குக்கு மானிட்டர்: 25,000 ரூபாய்க்குள் எதை வாங்கலாம்?

பொருநைக்கரை:
வணக்கம். திருநெல்வேலிப் பக்கம் கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு எல்லாம் எடுக்கிறேன். இதுவரை லேப்டாப்பிலேயே லைட்ரூம் (படத்தைத் திருத்தும் மென்பொருள்) ஓட்டிவிட்டேன். ஆல்பம் வந்து பார்த்தால் படமெல்லாம் இருட்டு. அரக்குப் பட்டில் மடிப்பே தெரியவில்லை, ஒரே திட்டாக இருக்கிறது. ஆல்பம் அச்சடிக்கும் லேபில் கேட்டால் "உங்க ஃபைலே அப்படித்தான் இருக்கு" என்கிறார்கள். லேப்டாப் பெட்டியில் '45% என்டிஎஸ்சி' என்று போட்டிருக்கிறது.

தனி மானிட்டருக்கு 25,000 வைத்திருக்கிறேன். கடைக்காரர் 32 இன்ச் கர்வ்டு மானிட்டரை, 165 ஹெர்ட்ஸ் என்று சொல்லித் தள்ளப் பார்க்கிறார். நண்பர் ஒருவர் அடோபி ஆர்ஜிபி என்கிற அகலமான நிற வரம்பு இல்லாவிட்டால் வாங்கவே வாங்காதே என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

குடந்தை லேப்காரன்:
தம்பி, இரண்டு பேர் பேச்சையும் கேட்க வேண்டாம். கும்பகோணத்தில் கலர் லேபில் பிரிண்டர் பக்கம் உட்கார்ந்திருந்தவன் நான், இப்போது எடிட்டிங் மட்டும். உங்களைப் போல இருட்டுப் படம் அனுப்புகிறவர்கள்தான் அங்கே பாதிப் பேர்.

இருட்டுக்குக் காரணம் ஸ்கிரீன் வெளிச்சம். புது மானிட்டர் பெட்டியிலிருந்து வரும்போது பெரும்பாலும் 250, 300 நிட்ஸில் (திரை வெளிச்சத்தின் அளவு) எரியும். காகிதத்துக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது, அறை விளக்கில்தான் தெரிய வேண்டும். ஸ்கிரீன் பளீரென்று இருந்தால் படம் போதுமான வெளிச்சத்தில் இருப்பதாகக் கண் நம்பிவிடும், நீங்களும் எக்ஸ்போஷரைக் கீழே இறக்கிவிடுவீர்கள். அச்சு வேலைக்கு 100, 120 நிட்ஸ் போதும். கருவி இல்லையென்றால் ஒரு வெள்ளைத் தாளை ஸ்கிரீன் பக்கத்தில் பிடித்து, வெற்று வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, இரண்டும் ஏறக்குறைய ஒரே வெளிச்சமாகத் தெரிகிற வரை பிரைட்னஸைக் குறையுங்கள். முதல் இரண்டு நாள் மங்கலாகத்தான் தோன்றும். பழகிவிடும்.

அரக்குப் பட்டு வேறு கதை. 45% என்டிஎஸ்சி என்றால், போனும் இணையமும் பயன்படுத்தும் பொது நிற வரம்பான எஸ்ஆர்ஜிபி நிறங்களில் ஏறக்குறைய அறுபது சதவீதம்தான் காட்டும். சிவப்பு வெளிறித் தெரியும். தெரியாததால் சாச்சுரேஷனை, அதாவது நிற அடர்த்தியை, ஏற்றுவோம். ஃபைலில் சிவப்பு சானல் உச்ச அளவான 255-இல் போய் முட்டி நிற்கும், மடிப்பும் ஜரிகை ஓரமும் அதோடு போச்சு. ஹிஸ்டோகிராமில் (வெளிச்ச அளவுகளைக் காட்டும் வரைபடம்) சிவப்பு வலது சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள்.

இனி வாங்குவதற்கு வருவோம். ஐபிஎஸ் பேனல் (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத வகை), எஸ்ஆர்ஜிபி 100%, டெல்டா இ (நிறப் பிழையின் அளவு) 2-க்குக் கீழே. இந்த மூன்றும் இருந்தால் போதும். ஆசுஸ் ப்ரோஆர்ட் பிஏ248க்யூவி பாருங்கள். 24.1 இன்ச், 1920க்கு 1200, அதாவது 16:10, லைட்ரூமில் கீழே படவரிசை வைத்தாலும் படத்துக்கு இடம் மிச்சம். 27 இன்ச் வேண்டுமென்றால் பிஏ278க்யூவி, 2560க்கு 1440. 12க்கு 36 இன்ச் ஆல்பம் ஷீட் போடுகிறவருக்கு இது வசதி. இன்றைய விலையைக் கடையில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

32 இன்ச் கர்வ்டு பெரும்பாலும் விஏ என்கிற வேறு வகைப் பேனல். தலையைக் கொஞ்சம் நகர்த்தினால் நிழல் பகுதி வெளுக்கும். அது 1080 ரெசல்யூஷன் என்றால் இன்ச்சுக்கு 70 புள்ளிகூடத் தேறாது, ஷார்ப்னஸ் எங்கே பார்ப்பது? 165 ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 165 தடவை திரை புதுப்பிக்கும், அது கேம் விளையாடுகிறவர்களுக்கு. மாப்பிள்ளை மாலையோடு அசையாமல் நிற்கிறார், அவருக்கு எதற்கு அது?

அடோபி ஆர்ஜிபி தப்பில்லை. ஆனால் நம் ஊர் லேப்கள் பெரும்பாலும் எஸ்ஆர்ஜிபி ஜேபெக்தான் கேட்கும். ப்ரொஃபைலை (ஃபைலில் இருக்கும் நிற வரம்புக் குறிப்பு) கவனிக்காத மெஷினில் அடோபி ஆர்ஜிபி ஃபைலைப் போட்டால் நிறம் செத்துப்போய் வரும். பெண் வீட்டார் படத்தைப் பார்ப்பது போனில். பென்க்யூவின் எஸ்டபிள்யூ வரிசை, ஐஸோ கலர்எட்ஜ் மானிட்டர்கள் எல்லாம் அருமையானவைதான், உங்கள் 25,000 அதற்குப் போதாது, தேவையும் இல்லை.

மிச்சமாகும் பணத்தில் திரையின் நிறத்தை அளக்கும் கலரிமீட்டர்: ஸ்பைடர் அல்லது காலிபிரைட். தனியாக வாங்கக் கட்டுப்படியாகாவிட்டால் மூன்று நாலு போட்டோகிராபர்கள் சேர்ந்து ஒன்று வாங்குங்கள். தினமும் தேவைப்படாது. அதை ஓட்ட டிஸ்ப்ளேகால் மென்பொருள் இலவசம்.

சேலம் ஷட்டர்:
ஃபேக்டரியிலேயே காலிபிரேட் பண்ணி (நிறத்தை அளந்து சரிசெய்து), அளவுப் பேப்பர் வைத்துத் தருகிறார்களே. மீட்டர் எதற்கு?

குடந்தை லேப்காரன்:
அந்தப் பேப்பர் ஃபேக்டரியில் அளந்த அன்றைக்கு. பின்விளக்கு நாளாக நாளாக மாறும். தவிர, பிரைட்னஸை நீங்கள் 120-க்கு இறக்கியதும் நிலைமையே வேறு. முதல் வருஷம் மீட்டர் இல்லாமல் சமாளிக்கலாம், அதை மறுக்கவில்லை.

கோவை பிக்சல்:
என்விடியா கார்டும் எச்டிஎம்ஐ கேபிளும் என்றால் கன்ட்ரோல் பேனலில் டைனமிக் ரேஞ்ச் 'ஃபுல்' என்று இருக்கிறதா பாருங்கள். 'லிமிடெட்' இருந்தால் கறுப்பு சாம்பலாகத் தெரியும். விண்டோஸ் நைட் லைட் (திரையை மஞ்சளாக்கும் வசதி), மானிட்டரின் டைனமிக் கான்ட்ராஸ்ட், இரண்டையும் அணைத்துவிடுங்கள்.

பொருநைக்கரை:
ரொம்ப நன்றி அண்ணே. அறைச் சுவர் இளம்பச்சை, மேலே வெள்ளை டியூப் லைட். பரவாயில்லையா?

குடந்தை லேப்காரன்:
டியூப் 6500 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) இருந்தால் சரி, மானிட்டரையும் 6500-இல் வையுங்கள். லைட் ஸ்கிரீனில் நேராக அடிக்கக் கூடாது. பச்சைச் சுவர்தான் இடிக்கிறது. பச்சை நடுவில் உட்கார்ந்தால் கண் அதற்குப் பழகி, முகத்தில் மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு) கூடியிருப்பதாகக் காட்டி, அதைக் குறைக்கச் சொல்லும். ஸ்கிரீனுக்குப் பின்னால் மட்டும் சாம்பல் நிறத் துணி தொங்கவிடுங்கள்.

கடைக்குப் போகும்போது உங்கள் படங்களையே பென்டிரைவில் கொண்டுபோங்கள். வேட்டி தெரிகிற படம் ஒன்று, அரக்குப் பட்டு ஒன்று, தலைமுடி குளோசப் ஒன்று. வேட்டியில் சாயம் ஏறியிருந்தால் உடனே தெரியும். மானிட்டர் வந்ததும் ஒரே ஒரு ஷீட்டில் பல முகங்களைப் போட்டு, "கரெக்‌ஷன் போடாமல் அடிங்க" என்று சொல்லி லேபில் வாங்குங்கள். இதைச் சொல்லாவிட்டால் ஆபரேட்டர் தன் கைவரிசையைக் காட்டிவிடுவார், நானும் காட்டியவன்தான்.