பீனிக்ஸ் (தென்னாப்பிரிக்கா, டர்பன் பக்கம்) தமிழ்க் குடும்பங்கள் குரூப்: நாளைக்குப் போகப்போற வீடுகள்

நளினி: அக்கா, துப்பாக்கிச் சூடு நடந்த தெருவுல நாளைக்கு ஆறு வீட்டுக்கு ஆறுதல் சொல்லப் போறோம். பிள்ளைங்களை உட்கார வச்சு "என்ன பார்த்தே, சொல்லு"ன்னு கேட்கலாமா? மனசுல இருக்கிறது வெளியே வந்துடும்ல?

கோகிலா அக்கா: வேண்டாம்மா. ஒரே மூச்சுல எல்லாத்தையும் சொல்ல வச்சா பலன் இல்லை, சிலருக்கு இன்னும் கிளறிவிடும். உலகச் சுகாதார நிறுவனமே வேண்டாம்னு சொல்லுது. பிள்ளையா பேச வந்தா கேளு. பேசலைன்னா பக்கத்துல உட்கார்ந்து கூட விளையாடு, போதும்.

சிவா அண்ணன்: முதல்ல அந்த வீட்டுல சோறு இருக்கா, ராத்திரி யார் துணைக்குன்னு பாருங்க.

அம்பிகா டீச்சர்: ஒண்ணு முக்கியம். அஞ்சு வயசுக்குக் கீழ உள்ளதுங்களுக்குச் செத்தவங்க திரும்பி வரமாட்டாங்கன்னு புரியாது. "மாமா தூங்குறாரு"ன்னு யாரும் சொல்லிடாதீங்க. அப்புறம் பிள்ளை தூங்கவே பயப்படும், அம்மா கண்ணை மூடினாலே உலுக்கி எழுப்பும். "சாமிகிட்ட போயிட்டாரு"ன்னு மட்டும் சொன்னா, எப்ப வருவாருன்னு வாசல்ல நிக்கும்.

அம்பிகா டீச்சர்: இப்படிச் சொல்லுங்க: "மாமா செத்துட்டாரு. அவர் உடம்பு இனிமே வேலை செய்யாது. அவருக்கு வலிக்காது. திரும்பி வரமாட்டாரு." நாளைக்கும் அதே கேள்விதான் வரும். அதே வார்த்தையில பதில் சொல்லணும். "நீ செஞ்சது எதனாலயும் இது நடக்கலை"ன்னும் சேர்த்துக்கோங்க, பிள்ளை கேட்காட்டியும்.

நளினி: ஒரு வீட்டுல ஏழு வயசுப் பையன் படுக்கையிலேயே ஒண்ணுக்குப் போறானாம். ஆயா திட்டுறாங்க. தூக்க மாத்திரை பாதி குடுக்கலாமான்னும் கேட்டாங்க.

கோகிலா அக்கா: மாத்திரை கூடவே கூடாது! திட்டவும் வேண்டாம். இவ்வளவு பெரிய பயத்துக்கு அப்புறம் முதல் சில வாரம் இப்படி வர்றது சகஜம். பேசாம விரிப்பை மாத்திட்டு, தினமும் அதே நேரத்துக்குப் படுக்க வைக்கணும், சின்ன லைட்டு எரியட்டும். ஒரு மாசம் தாண்டியும் குறையலைன்னா கிளினிக். சாப்பிடவே மாட்டேங்குது, சாகணும்னு சொல்லுதுன்னா ஒரு நாள்கூடக் காத்திருக்காதீங்க. பிள்ளைங்களுக்கான உதவி போன் சைல்ட்லைன், நம்பர் 116, காசு கிடையாது.

சிவா அண்ணன்: அந்தத் துப்பாக்கிச் சூட்டு வீடியோவை இங்க யாரும் போடாதீங்க, தயவுசெய்து. 2001 செப்டம்பர் 11 காட்சியை டிவியில திரும்பத் திரும்பப் பார்த்த சின்னப் பிள்ளைங்க, ஒவ்வொரு தடவையும் புதுசா ஒரு கட்டடம் விழுதுன்னு நினைச்சதுங்க.

அம்பிகா டீச்சர்: பெரிய வகுப்புப் பிள்ளைங்களையும் விட்டுடாதீங்க. 2021 ஜூலைக் கலவரத்துல இங்க 36 பேர் செத்தப்ப அதுங்க சின்னதுங்க. இப்ப அந்தப் பயமும் சேர்ந்து கிளம்பும். எந்த இனத்து ஆளு சுட்டான்கிற பேச்சு அதுங்க காதுல விழக்கூடாது.

நளினி: தீபாவளி வருதே அக்கா, வெடிச்சத்தம்?

கோகிலா அக்கா: எந்த வீட்டுல, எத்தனை மணிக்கு வெடிப்பாங்கன்னு முன்கூட்டியே பிள்ளைகிட்ட சொல்லிடணும். சத்தம் கேட்டதும் "இது வெடி, நாம வீட்டுக்குள்ள இருக்கோம்"னு சொல்லி, ரெண்டு பாதத்தையும் தரையில அழுத்தச் சொல்லு. 4 எண்ணி மூச்சை இழுத்து, 6 எண்ணி விடணும். பிள்ளை பயந்து நிக்கிறப்ப புதுசாச் சொல்லித்தந்தா ஏறாது. நாளைக்கே பழக்கிவிடு, அம்மாவும் கூடச் செய்யட்டும்.