அரசியல் செய்தி பார்த்துப் பார்த்து அலுத்த கதை, உங்களுக்கும் உண்டா?

செங்கல்பட்டுக்காரன்:
2017 பிப்ரவரி 15. அ.தி.மு.க. எம்.எல்.ஏ.க்களைக் கூவத்தூர் ரிசார்ட்டில் தங்க வைத்திருந்த நேரம். சலூனில் எனக்குப் பாதி முகம் சவரம், பாதி நுரை. டிவியில் சசிகலா, சிறைக்குப் போகும் முன் ஜெயலலிதா நினைவிடத்தில் ஓங்கி அடிக்கிறார். கடைக்கார அண்ணன் கத்தியைத் தூக்கிப் பிடித்தபடி "ஒண்ணு... ரெண்டு... மூணு" என்று எண்ணினார். சேனல் அதையே திரும்பத் திரும்பப் போட, அவரும் ஒவ்வொரு தடவையும் எண்ணினார். நுரை காய்ந்து தோல் இழுத்தது.

அன்று மீசையை ஒதுக்க மறந்துவிட்டார். மறுநாள் போனேன். எடப்பாடி பழனிசாமி பதவியேற்பு நேரலை. கடையில் ஆறு பேர், ஒருத்தர்கூட நிமிரவில்லை. மாநிலத்துக்குப் புது முதல்வர் வருகிறார், நான் பழைய வார இதழில் ராசிபலன் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

பழைய பேப்பர்:
எங்கள் வீட்டில் 2ஜி அலைக்கற்றை வழக்கு. 2010 நவம்பரில் சி.ஏ.ஜி. (தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்) அரசுக்கு இழப்பு என்று சொன்ன 1,76,000 கோடியை அப்பா காலண்டர் தாளின் பின்பக்கம் எண்ணில் எழுதினார். 176-க்குப் பின்னால் பத்து சைபர். தி.மு.க. கட்சிக்காரரான பெரியப்பா, "அது உத்தேசக் கணக்குடா" என்றார். வாய் முற்றி, இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்தே நின்றது. 2017 டிசம்பர் 21, ஆ.ராசா, கனிமொழி எல்லோரும் விடுதலை என்று டிவி அலறும்போது பெரியப்பாவின் போன். அப்பா டிவி சத்தத்தை நிறுத்தினார். "பார்த்தேண்ணே. சாப்ட்டீங்களா?" ஏழு வருஷம் கழித்து அவ்வளவுதான் பேச்சு.

வாய்தா:
மேலே எழுதியவருக்கு: விடுதலையோடு முடிந்துவிட்டதா? சி.பி.ஐ. மேல்முறையீட்டை டெல்லி உயர் நீதிமன்றம் 2024 மார்ச்சில் விசாரணைக்கு ஏற்றதே, அது உங்கள் டிவியில் எத்தனை நாள் ஓடியது? ஓடினால் தலைவலி, ஓடாவிட்டால் மறதி. சலூன் நண்பரே, உங்களுக்கும்தான். நாம் ராசிபலன் பார்த்தால் அவர்களுக்குத்தான் வசதி. ராத்திரி விவாதத்தை விடுங்கள், நாலு பேர் ஒரே நேரத்தில் கத்துவதில் சேதி கிடையாது. காலையில் பேப்பர், அதிலும் முதலில் கோர்ட் செய்தி. அடுத்த விசாரணைத் தேதியை டைரியில் குறியுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வரும் வீடியோவைத் திறக்கவே திறக்காதீர்கள். சாப்பிடும்போது ரிமோட் பீரோவுக்குள் இருக்கட்டும். என் அனுபவமா? என் மனைவி ரிமோட்டிலிருந்து பேட்டரியைக் கழற்றி எங்கேயோ ஒளித்துவிட்டாள்.

ஈ.சி.ஆர். பொண்ணு:
சார், இங்கே யாரும் அறிவுரை கேட்கவில்லை. சரி, என் கதை. சித்தப்பாவுக்குக் கூவத்தூர் பக்கம் டீக்கடை. சேனல் வண்டிகள் புண்ணியத்தில் தினமும் மூன்று மடங்கு பால் வாங்கினார். 2017 பிப்ரவரி 18-ஆம் தேதி சட்டசபையில் எடப்பாடி அரசு மீது நம்பிக்கை வாக்கெடுப்பு, 122-க்கு 11. வண்டிகள் எல்லாம் கிளம்பிவிட்டன. மறுநாள் பழக்கதோஷத்தில் அதே அளவு பால் வாங்கிவிட்டார். சாயங்காலம் மிஞ்சியதையெல்லாம் சித்தி பால்கோவா கிண்டினாள். தெருவே சாப்பிட்டது.