சட்சுமா ஜாடி: கண்காட்சிக்குப் போனதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சூளைநெருப்பு:
இணைய ஏலத்தில் ஒரு ஜப்பானிய ஜாடி வந்திருக்கிறது. தந்த நிறம், உடம்பு முழுக்கப் பொன் வேலை, மேல்பூச்சு முழுவதும் மெல்லிய விரிசல், அடியில் வட்டத்துக்குள் ஒரு கூட்டல் குறி. 1873 வியன்னா உலகக் கண்காட்சிக்காகச் செய்தது என்று விற்பவர் சத்தியம் செய்கிறார், விலையும் அதற்கேற்றபடிதான். விரிசல் பழுதா? அவர் சொல்வதை நம்பலாமா?

களிமண்காரி:
விரிசல் பழுதே இல்லை. சூளையிலிருந்து எடுத்து ஆறும்போது மேல்பூச்சு அடியிலுள்ள மண்ணைவிடக் கூடுதலாகச் சுருங்கும், அதனால் வருவது. சட்சுமா என்பது தென் ஜப்பானில் அதே பெயருள்ள பகுதியில் தொடங்கிய பாண்ட வகை, அதன் அழகே அந்த விரிசலில்தான் இருக்கிறது, அதன்மேல்தான் வண்ணமும் பொன்னும் தீட்டி, குறைந்த சூட்டில் மறுபடி சுடுவார்கள். வட்டத்துக்குள் கூட்டல் குறி, அந்தப் பகுதியை ஆண்ட ஷிமாசு குடும்பத்தின் சின்னம். ஆனால் அதை மட்டும் பார்த்துப் பணம் கட்டிவிடாதீர்கள், கியோத்தோவிலும் ஒசாகாவிலும் ஏற்றுமதிக்குச் செய்த மலிவுச் சரக்கிலும் அதே குறி உண்டு.

கடல்வழி:
வியன்னா என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது சட்சுமாவின் குயவர் பன்னிரண்டாம் சின் ஜுகான்தான். அவர் அங்கே அனுப்பிய பெரிய ஜாடிகள்தான் ஐரோப்பாவில் சட்சுமா மோகத்தைக் கிளப்பின. அதற்கு முன்பே, 1867 பாரிஸ் கண்காட்சியில், அப்போது ஜப்பானை ஆண்ட ஷோகன் அரசோடு சேராமல் சட்சுமா பகுதி தனியாகவே கலந்துகொண்டது. சட்சுமாக் குயவர்களின் முன்னோர் யார் தெரியுமா? ஜப்பானின் ஆட்சித் தலைவர் ஹிதேயோஷி கொரியாவின் மேல் படையெடுத்தபோது, 1598 வாக்கில் ஷிமாசு படையினர் பிடித்துக்கொண்டு வந்த கொரியக் குயவர்கள். அவர்கள் வம்சத்தின் கைவேலைதான் பிறகு ஜப்பானின் பெருமையாக உலகத்தின் முன்னால் நின்றது. இதைச் சொல்லாமல் சட்சுமாவைப் புகழ எனக்கு மனம் வருவதில்லை.

சரி, உங்கள் ஜாடிக்கு வருவோம். வியன்னாவுக்குப் பிறகு வெளிநாட்டு ஆர்டர் குவிந்தது, கியோத்தோவின் அவாத்தா பகுதியில் கின்கோசான் போன்ற பட்டறைகள் ஏராளமாகச் செய்து கப்பலேற்றின. இன்று சந்தையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை அந்த வகைதான். கண்காட்சிக்குப் போனது என்றால் பழைய அட்டவணையோ ரசீதோ ஏதாவது காட்டச் சொல்லுங்கள், வாய்வார்த்தைக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம்.

களிமண்காரி:
அப்புறம் பூதக்கண்ணாடி வைத்து முகங்களைப் பாருங்கள். ஒசாகாவில் யாபு மெய்சான் பட்டறை செய்த கிண்ணங்களில் அரிசி மணி அளவு முகத்தில்கூடப் புருவமும் உதடும் தனித்தனியாகத் தெரியும், கூட்டத்தில் நூறு பேர் இருந்தாலும் ஒவ்வொருவரும் வேறு வேறு ஆள். அவசரச் சரக்கில் எல்லாருக்கும் ஒரே முகம், கோடு தடித்திருக்கும், அதை மறைக்கப் பொன் புள்ளியை அள்ளித் தெளித்திருப்பார்கள். வேலை நன்றாக இருந்தால், வியன்னாவை மறந்துவிட்டு ஜாடிக்கான விலை பேசி வாங்குங்கள்.

சூளைநெருப்பு:
ரொம்ப நன்றி இருவருக்கும். முகங்களையும் அடிப்பாகத்தையும் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன், கண்காட்சிக்கான ஆதாரமும் கேட்டிருக்கிறேன். படம் வந்ததும் இங்கே போடுகிறேன்.